சிஸ்டர் குரூப்பில் ஒரு செம்பருத்திப் பூ

இந்த வேலையில் நானும் பெயிலானவள்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆன்லைன் படிப்புகளில் மாணவர் ஃபோரத்தைக் கவனித்துக்கொள்ளப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். 'ஃபோரத்தை உயிர்ப்போடு வைத்திருப்பது எப்படி' என்று தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள். என் ஃபோரம் என் கண் முன்னாலேயே செத்துப்போனது. அதனால் அந்தத் தலைப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். அது பொறாமை.

பொறாமைப்படக் கூடாது என்று உங்களிடம் யார் வேண்டுமானாலும் சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன். என்னிடம் இருந்த கருவிகளிலேயே உருப்படியானது அதுதான். நம் வேலையில் மாணவரின் முகம் தெரியாது, தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று தெரியாது, விட்டுவிட்டு ஓடிப்போனாலும் தெரியாது. வயிறு எரிந்தால் மட்டும் நன்றாகத் தெரியும். எந்தப் பக்கம் பார்த்து எரிகிறதோ அந்தப் பக்கம்தான் உங்கள் மாணவர்கள் போயிருப்பார்கள்.

நான் தில்லியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவள். என் கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் இருந்தார், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வெகு காலம் குடியிருந்தோம். அவர் ஓய்வு பெற்றதும் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில்தான் வீடு வேண்டும் என்று அடம்பிடித்தார், முனிர்காவில் ஒரு ஃப்ளாட் பார்த்து வந்தோம். கல்லூரியை விட்டபின் இந்த வேலை கிடைத்தது. மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கான ஆன்லைன் படிப்பு அது. நோயாளிகளின் பதிவுகளை வைத்துக்கொண்டு சராசரி, சதவீதம் எல்லாம் கணக்கிடக் கற்றுக் கொடுப்போம். படித்தவர்களில் பாதிக்கு மேல் நர்ஸ்கள். நாடு முழுக்கவும் இருந்து சேர்ந்திருந்தார்கள். பாடம் வீடியோவில் ஓடிவிடும். சந்தேகம் வந்தால் ஃபோரத்தில் எழுத வேண்டும், நான் பதில் எழுத வேண்டும்.

என் பதில்கள் பிரமாதமாக இருக்கும். தன்னடக்கம் எல்லாம் எனக்கு வராது. ஒருவர் ஒரு வரி கேட்டால் நான் படம் போட்டு, உதாரணம் கொடுத்து, இரண்டு பக்கத்துக்கு எழுதுவேன். ஆரம்பத்தில் அந்தப் பதில்களின் கீழே சின்னச் சின்ன இதயங்கள் வரிசையாக விழும். காலையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு அவற்றைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். பிறகு மெல்ல மெல்ல வற்றியது. கடைசியில் வந்த பேட்ச் மாணவர்கள் கேள்வியே கேட்கவில்லை. நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் இந்தப் படிப்பின் பொறுப்பாளர் சுரேஷ். தமிழர்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது கோல் மார்க்கெட் பக்கம். தமிழை ஏதோ வாடகைக்கு எடுத்த சட்டைபோல் பேசுவார். என் மகன் வயது, எனக்கு மேலதிகாரி, அதனால் எழுத்தில் 'அவர்' போட்டு மரியாதை செய்கிறேன். ஒருநாள் போனில் வந்தார்.

"மேடம்ஜி, ஃபோரம் பில்குல் காலி. மேல கேக்கறாங்க. இப்டியே போச்சுன்னா நெக்ஸ்ட் டர்ம்லேருந்து பந்த். ஆட்டோமேட்டிக் ரிப்ளை போட்டுடலாம்னு சொல்றாங்க."

"பசங்களுக்குச் சந்தேகம் வரலேன்னா நல்லதுதானே சுரேஷ்? பாடம் புரியறதுன்னு அர்த்தம்."

"அச்சா, ஆனா போன வருஷம் எல்லாரும் ஃபெயில் ஆன அசைன்மென்ட்ல இந்த வருஷம் எல்லாரும் பாஸ். கேக்காம எப்டி வந்துச்சு மேடம்ஜி?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. எங்கோ கேட்கிறார்கள், என்னிடம் கேட்கவில்லை. அதைத்தான் அவர் நாகரிகமாகச் சொன்னார்.

எங்கே என்பது அடுத்த வாரமே தெரிந்தது. ஒரு மாணவி கை தவறி வேறு எங்கோ போட வேண்டியதை ஃபோரத்தில் போட்டுவிட்டார். 'சிஸ்டர், நீங்கள் வாய்ஸில் சொன்னபடியே செய்தேன், சரியாக வந்துவிட்டது. நீங்கள் மட்டும் இல்லையென்றால் நான் இந்தப் படிப்பை விட்டுவிட்டு ஓடியிருப்பேன். என் தோழியையும் குரூப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவளுக்கு இந்த லிங்க்கைத்தான் அனுப்பியிருக்கிறேன்.' கீழே லிங்க். பதறிப்போய் அழித்துவிட்டார், ஆனால் அதற்குள் நான் படித்துவிட்டேன்.

என் படிப்பில், என் மாணவியை, ஓடாமல் பிடித்து வைத்திருக்கிற சிஸ்டர் யார்? எனக்குக் காது மடல் சூடேறியது. கல்யாணமான புதிதில் என் கணவர் அலுவலகத் தோழி ஒருத்தியின் சாம்பாரைப் புகழ்ந்தபோது இப்படி ஏறியது, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

லிங்க்கை அழுத்தி உள்ளே போனேன். நீங்கள் அப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. செய்யாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். என் போனில் படத்துக்குப் பதிலாக பால்கனித் தொட்டியில் பூத்த செம்பருத்திப் பூ இருக்கும், பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்து. யாரும் என்னை யார் என்று கேட்கவில்லை. சேர்ந்த சற்று நேரத்தில் ஒரு பெண் குரல் இந்தியில் வந்தது. "வாங்க வாங்க. எந்த இடத்துல மாட்டிக்கிட்டீங்க? வெக்கப்படாம சொல்லுங்க" என்றது. இந்தியை அப்படி இழுத்து, முடிவில் ஒரு ஏற்றம் கொடுத்துப் பேச மார்த்தாண்டத்துப் பக்கத்து ஆட்களால்தான் முடியும். தமிழ்ப் பெண்! அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதன்பின் நான் அந்தக் குரூப்பிலேயே குடியிருந்தேன். ஃபோரத்தில் அடங்காத கூட்டம் அங்கே இருந்தது. என்னிடம் வாய் திறக்காதவர்கள் அங்கே வாய் ஓயாமல் கேட்டார்கள். கேள்வி என்றால் எப்படிப்பட்ட கேள்வி! 'சராசரி என்றால் கூட்டி வகுப்பதா, வகுத்துக் கூட்டுவதா?' என்று ஒருவர் கேட்டார். ஃபோரத்தில் அதை யாராவது கேட்டிருந்தால் நான் முதல் பாடத்துக்கு வழி காட்டியிருப்பேன். சிஸ்டர் சிரித்தாள். கேலியாகச் சிரிக்கவில்லை, அந்தச் சிரிப்பைக் கேட்டவர் தானும் சிரித்திருப்பார். பின்னால் டிராலிச் சக்கரம் கிறீச்சிட, லிப்ட் மணி அடிக்க, நடந்துகொண்டே பேசினாள். "நானும் இதுல பெயிலானவதான். போன தடவை இதே இடத்துலதான் விழுந்தேன். எங்க விழுந்தேன்னு சொல்லுதேன், நீங்க அங்க மட்டும் பாத்து நடங்க" என்று இந்தியில் சொன்னாள், பிறகு ஆங்கிலத்தில், பிறகு யாரோ சில தமிழ் நர்ஸ்களுக்காகத் தமிழில்.

அவ்வளவுதான், அடுத்த கேள்வி கொட்டும். எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. அவளுக்குப் புள்ளியியல் என்னைவிடத் தெரியாது. பாதி இடங்களில் தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள். ஆனால் அவளிடம் இருந்த ஒன்று என்னிடம் இல்லை. நான் வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. அவள் தோற்றிருந்தாள், அதைக் கூச்சமில்லாமல் எடுத்து நீட்டினாள், எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். ஒருத்தியின் படிப்பைப் பார்த்துப் பொறாமைப்படலாம், அழகைப் பார்த்துப் படலாம். நான் அவளுடைய தோல்வியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

குரூப்பில் இருந்த அவள் எண்ணை வைத்து மாணவர் பட்டியலில் தேடினேன். ஸ்டெல்லா. தில்லியிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். முன்பு தேறாமல் மறுபடி சேர்ந்திருக்கிறாள், இதுதான் அவளுக்கு அனுமதிக்கப்பட்ட கடைசி வாய்ப்பு. ஃபோரத்தில் எழுதியது ஒரு வரிகூட இல்லை. ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறவளுக்கு என்னிடம் கேட்க ஒன்றுமே இல்லாமல் போனது எப்படி என்று நான் பொருமினேன்.

"யாரோட சண்டை போட்டுண்டிருக்கே?" என்று கணவர் கேட்டார். நான் போனைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தேனாம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கடைசி அசைன்மென்ட். மாலை ஆறு மணிக்குக் கெடு. அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், அதன்பின் பக்கம் மூடிவிடும். கேள்வி எளியதுதான். ஒரு வார்டின் பதிவைக் கொடுத்து, நோயாளிகள் சராசரியாக எத்தனை நாள் தங்கினார்கள் என்று கேட்டிருந்தோம். சிலர் இன்னும் வீடு திரும்பவில்லை, அவர்களுக்கு நேரே தங்கிய நாட்கள் என்ற கட்டம் காலியாக இருக்கும். அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, எத்தனை பேரை விட்டோம் என்று குறிப்பு எழுத வேண்டும். அதுதான் கேள்வியின் சூட்சுமம்.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் குரூப்பைத் திறந்தேன். சிஸ்டரின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. "காலியா இருக்கிற கட்டத்தைப் பாத்து பயப்படாதீங்க. எல்லாத்துலயும் பூஜ்யம் போடுங்க, பிறவு கூட்டி வகுங்க." கீழே இதயங்கள் குவிந்துகொண்டிருந்தன. காலையிலேயே சொல்லியிருக்கிறாள். பாதிப் பேர் அதன்படி அனுப்பியும்விட்டார்கள்.

தப்பு. அப்பட்டமான தப்பு. படுக்கையில் வாரக்கணக்கில் கிடக்கிற நோயாளி ஒரு நாள்கூடத் தங்கவில்லை என்று ஆகிவிடும்.

எனக்கு என்ன தோன்றியது என்பதை மழுப்பாமல் சொல்கிறேன். குளிர்ந்துபோனேன். நெஞ்சு நிறைந்தது. மடிக்கணினியைத் திறந்து ஃபோரத்தில் அறிவிப்பு ஒன்று தட்டினேன். 'வெளியே நடக்கும் ஒரு குரூப்பில் உங்களுக்குத் தவறான வழி சொல்லப்பட்டிருக்கிறது. அதை நம்பி அனுப்பியவர்கள் எல்லோரும் மதிப்பெண் இழப்பீர்கள். சரியான விளக்கம் வேண்டுவோர் இங்கே வாருங்கள்.' ஒரு சொல்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அனுப்பினால் அத்தனை பேரும் அலறியடித்துக்கொண்டு என் ஃபோரத்துக்கு ஓடி வருவார்கள். கேள்வி மேல் கேள்வி விழும். சுரேஷ் பார்ப்பார், அவருக்கு மேலே இருப்பவர்கள் பார்ப்பார்கள், ஃபோரம் பிழைத்துவிடும். நானும் பிழைத்துவிடுவேன்.

அந்த நேரத்தில் சுரேஷே கூப்பிட்டார்.

"மேடம்ஜி, சப்மிஷன் பாத்தீங்களா? பாதி பேருக்கு ஒரே ராங் ஆன்சர். பாயின்ட் கூட மாறல. யாரோ வெளில குரூப் போட்டு சொல்லிக் குடுத்திருக்காங்க. ரூல்படி சொல்லிக் குடுத்தவங்க கோர்ஸ்லேருந்து அவுட். நேம் தெரிஞ்சா ஜல்தி சொல்லுங்க, ஈவினிங்கே ரிப்போர்ட் போட்டுடறேன்."

பெயர் என் நாக்கு நுனிவரை வந்தது. நாலே எழுத்து. சொல்லியிருந்தால் என்மேல் யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்க முடியாது, விதி அப்படித்தான். ஆனால் அது அவளுடைய கடைசி வாய்ப்பு என்று பட்டியலில் பார்த்தது ஞாபகம் வந்து தொலைத்தது.

"ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு சுரேஷ். அதுக்குள்ள திருத்தி அனுப்பினா அது தப்பே இல்ல. ஆறு மணிக்கு அப்புறம் கூப்பிடு" என்று வைத்துவிட்டேன்.

பிறகு என் அறிவிப்பை மறுபடி படித்தேன். சந்தோஷத்தில் எழுதியது என்பது வரிக்கு வரி தெரிந்தது. இதை அனுப்பினால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். என்னை நம்புகிறவர்கள் கொஞ்சம், சிஸ்டரை நம்புகிறவர்கள் நிறைய. குரூப்பில் சண்டை நடக்கும். மேடம் சொன்னதா சிஸ்டர் சொன்னதா என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு மணி ஆகிவிடும். இதை மட்டும் நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குரல் தப்பாகச் சொன்னதோ அந்தக் குரலே திருத்தினால்தான் எல்லோரும் திருந்துவார்கள். வேறு குரல் வந்து திருத்தினால் அது கட்சி ஆகிவிடும்.

அறிவிப்பை அழித்துவிட்டு, குரூப்பில் இருந்த அவள் எண்ணுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. டியூட்டியில் இருந்திருப்பாள். எந்த மருத்துவமனை என்று பட்டியலில் இருந்தது, எங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. சேலைகூட மாற்றாமல் ஆட்டோ பிடித்தேன். பார்வையாளர் நேரமாக இருந்ததால் வாசலில் செக்யூரிட்டியும் ஒன்றும் கேட்கவில்லை.

வார்டு வாசலில் விசாரித்தபோது சிவந்த கண்களோடு ஒல்லியாக ஒரு பெண் வந்தாள். நான் நினைத்து வைத்திருந்த வில்லி இவள் இல்லை.

"ஸ்டெல்லாவா? நான் கோர்ஸ்ல ஃபோரம் பாத்துக்கற மேடம்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். "மேடம், நீங்க எப்பிடி இங்க? நான் என்ன செஞ்சேன்?"

"காலிக் கட்டத்துல பூஜ்யம் போடச் சொன்னியே, ஏம்மா?"

"பின்ன? காலியா விடப்பிடாதே மேடம்" என்றாள், நான் ஏதோ தெரியாமல் கேட்பதுபோல. "சார்ட்டுல ஒரு கட்டம் காலியா இருந்தா எங்க இன்சார்ஜ் கொன்னுருவாங்க. ஒண்ணும் இல்லன்னா பூஜ்யம் போடணும், இல்லன்னா கோடு இழுக்கணும். காலியா விட்டா பிறவு வேற யாராவது எதையாவது எழுதிருவினும். சேர்ந்த முதல் நாளே சொல்லிக் குடுத்தது அதாக்கும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. நான் அவளை அறிவில்லாதவள் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் நல்ல நர்ஸாக இருந்ததால்தான் அந்தத் தப்பைச் செய்தாள். குரூப்பில் எல்லோரும் நர்ஸ்கள், அதனால் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

"இப்ப உன் வார்டுல ரொம்ப நாளா இருக்கற பேஷன்ட் யாரு?"

"சன்னல் பக்கம் ஒரு தாத்தா. ரெண்டு மாசம் இருக்கும்."

"வீட்டுக்குப் போயாச்சா?"

"இல்ல, இன்னும் இருக்காங்க."

"எத்தனை நாள் தங்கினார்னு கட்டத்துல என்ன போடுவே?"

அவள் விரலை மடக்கி நாட்களை எண்ணத் தொடங்கினாள். திரும்பி வார்டுக் கதவைப் பார்த்தாள். "ஐயோ" என்றாள். "தாத்தா ஒரு நாள்கூட இருக்கல்லன்னு சொல்லிட்டனே. எத்தனை பேரு அனுப்பிட்டாங்க மேடம்?"

"பாதிப் பேர். ஆபீஸ்ல பாத்துட்டாங்க. யார் சொல்லிக் கொடுத்ததுன்னு கேக்கறாங்க."

அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இது போச்சுன்னா எனக்க டே டியூட்டியும் போச்சு மேடம். இந்த சர்ட்டிபிகேட் இருந்தாதான் வார்டை விட்டு ரெக்கார்டு செக்ஷன்ல போடுவேன்னு சொல்லியிருக்காங்க. அங்கன்னா பகல் வேலை மட்டும்தான். பிள்ளை ஊர்ல எனக்க அம்மைகிட்ட நிக்கி. நைட்டு டியூட்டியை வச்சுக்கிட்டு அவளை இங்க கொண்டுவர முடியல்ல."

"அப்படி இருந்தா ஃபோரத்துல வந்து என்கிட்ட கேட்டிருக்கலாமே? ஒரு வரிகூட எழுதலியே நீ." பெண்ணின் பிழைப்பே ஆடிக்கொண்டிருக்கும்போதும் எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது, பாருங்கள்.

"ஃபோரத்துல பேரு நிக்குமே மேடம். எங்க இன்சார்ஜும் இதே கோர்ஸ்லதான் இருக்காங்க. நான் மடத்தனமா ஒண்ணு கேட்டா, மறுநாள் ரவுண்ட்ஸ்ல எல்லாரு முன்னாலயும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க. ஒங்க பதில் எல்லாம் நான் வாசிப்பேன். அதைப் பாத்துதான் குரூப்புல சொல்லுதேன்."

இதைக் கேட்டு நான் உருகிப்போயிருக்க வேண்டும். இல்லை. என் பதிலை எடுத்துக்கொண்டு போய் என் இதயங்களை வாங்கியிருக்கிறாளே என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவள் சொன்னதில் இருந்த விஷயம் மனசில் தைத்துவிட்டது. நாம் ஃபோரத்தை வகுப்பறை என்று நினைக்கிறோம், அவர்களுக்கு அது மேலதிகாரி உட்கார்ந்திருக்கிற மேடை. பெயர் போடாமல் கேட்கிற வசதியை முதல் நாளே திறந்து வையுங்கள்.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மேடம், நான் இப்பமே குரூப்பைக் கலைச்சிருதேன். எல்லாரும் ஃபோரத்துக்குப் போங்க, மேடம் சொல்றதுதான் சரின்னு போட்டுட்டுக் கலைச்சிருதேன். எனக்க பேரை மட்டும் சொல்லாதீங்க."

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நான் மாதக்கணக்கில் எதற்காக வயிறெரிந்தேனோ அதைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிறாள். ஆள் தானாகவே விலகுகிறாள். கூட்டம் முழுவதையும் எனக்கே அனுப்புகிறாள். எனக்கு வாய் ஊறியது.

கலைத்துவிட்டால் அவர்கள் எல்லோரும் என்னிடம் வருவார்களா? பெயர் நிற்குமே என்று பயப்படுகிறவர்கள் ஏன் வருவார்கள்? இன்னொரு குரூப் ஆரம்பிப்பார்கள், அல்லது கேட்காமலே இருந்து பெயிலாவார்கள். அதைவிட முக்கியம், பூஜ்யம் போட்டவர்களுக்கு ஆறு மணிக்குள் சேதி போக வேண்டும். அவர்கள் எல்லோரும் காது கொடுத்துக் கேட்கிற இடம் அது ஒன்றுதான்.

"கலைக்காதே. நீயே வாய்ஸ் போடு. தப்பாச் சொல்லிட்டேன்னு முதல்ல சொல்லிடு."

"நீங்க சொல்லித் தாங்க மேடம், அப்பிடியே சொல்லுதேன்."

"உனக்குத் தெரியும். நீயே சொல்லு."

அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்று பேசினாள். "மக்களே, நான் இதுலயும் பெயிலாயிட்டேன். காலையில தப்பாச் சொல்லிட்டேன். பூஜ்யம் போடாதீங்க. நம்ம வார்டுல ரெண்டு மாசமா கிடக்கிற ஆளுக்குப் பக்கத்துல போய் நின்னு, நீங்க ஒரு நாளும் இங்க இருக்கல்லன்னு சொல்லுவோமா? சொல்லமாட்டோம்லா? அவங்க கதை இன்னும் முடியல்ல. அவங்களைக் கூட்டத்துல சேக்காதீங்க, எத்தனை பேரை விட்டோம்னு கீழ எழுதுங்க. அனுப்பிட்டோமேன்னு பயப்படாதீங்க, ஆறு மணி வரைக்கும் மாத்தலாம்." தமிழில் ஒரு முறை, இந்தியில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை.

அந்தப் பாடத்தைப் பல வருடம் கற்பித்தவள் நான். இத்தனை சுருக்கமாக, இத்தனை நன்றாக ஒரு நாளும் சொன்னதில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பெருமையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. எரிச்சல்தான் கூடுதல். அவள் விரலை எடுத்ததுமே இதயங்கள் கொட்ட ஆரம்பித்தன. 'சிஸ்டர் இருக்கிறவரை கவலையில்லை' என்று ஒருவர் எழுதினார். ஆட்டோவில் வந்தது நான்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது திருத்திய விடைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஆறு மணிக்கு முன் அநேகமாக எல்லோரும் மாற்றிவிட்டார்கள். நான் சொன்னபடியே சுரேஷ் கூப்பிட்டார்.

"மேடம்ஜி, சப் டீக் ஹோ கயா, எல்லாம் சரியாயிடுச்சு! எப்டி? ஆனா ரூல் ரூல்தான். அந்த குரூப் யாருதுன்னு தெரியுமா?"

"தெரியும். அங்க யாரும் விடை கொடுக்கல சுரேஷ். வழி சொன்னாங்க, அதுவும் தப்பு வழி. தப்பு வழி சொன்னதுக்கெல்லாம் வெளிய அனுப்பறதா இருந்தா, நம்ம மூணாவது வீடியோவுல பேசற புரொபசரைத்தான் முதல்ல அனுப்பணும்."

அவர் சிரித்தார், விடவில்லை. "நேம் மட்டும் குடுங்க மேடம்ஜி. குரூப் மெம்பர் லிஸ்ட்டோட ரிப்போர்ட்ல போடணும்."

"போடு. லிஸ்ட்டுல செம்பருத்திப் பூ படம் போட்டு ஒரு நம்பர் இருக்கும். அது நான்தான். ஃபோரம் மேடமே அங்க மெம்பர்னு மறக்காம எழுது."

"அச்சா... நீங்களுமா மேடம்ஜி?" என்றார். அந்த ரிப்போர்ட் எழுதப்படவே இல்லை. பொறாமையில் உளவு பார்க்கப் போனது அன்றைக்கு அவளுக்குக் குடையாக உதவியது.

இதற்குப் பின் என் ஃபோரம் தழைத்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அடுத்த பருவத்தில் அதை மூடிவிட்டார்கள். தானியங்கிப் பதில் வந்தது, எனக்கு ஒரு பூச்செண்டும் வழியனுப்பு விழாவும் வந்தன. தானியங்கியிடம் மாணவர்கள் என்னிடம் கேட்டதைவிடக் குறைவாகக் கேட்டார்கள் என்று சுரேஷ் பிறகு சொன்னபோது, நான் மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கினேன். அப்போதுதான் அவரிடம் ஒரு யோசனை சொன்னேன். பதில் சொல்ல என்னைப்போல முதல் மதிப்பெண் வாங்கினவர்களை எடுக்காதே, இதே படிப்பில் ஒரு தடவையாவது விழுந்து எழுந்தவர்களை எடு என்றேன். தானியங்கியை எடுத்துவிட்டு ஃபோரத்தை மறுபடி திறந்தார்கள். அப்படித்தான் நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களை எடுக்கச் சொன்னவளே நான்தான், உங்கள்மேலும் எனக்குப் பொறாமைதான்.

ஸ்டெல்லா தேறினாள். பகல் வேலை கிடைத்தது. மகள் தில்லிக்கு வந்துவிட்டாள், பக்கத்துப் பள்ளியில் படிக்கிறாள், அம்மாவைவிட வேகமாக இந்தி பேசுகிறாளாம். குரூப் இன்னும் ஓடுகிறது. செம்பருத்திப் பூ இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் அங்கே இதுவரை ஒரு கேள்விக்கும் பதில் எழுதியதில்லை, எழுத வாய்ப்பே கிடைப்பதில்லை. நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையை எழுத அலுவலகத்தில் முதலில் கேட்டது அவளைத்தான். அவளுக்கு நேரமில்லை, பிள்ளைக்குப் பரீட்சை. "மேடம் எழுதட்டும்" என்றாளாம். அதனால்தான் என்னிடம் வந்தார்கள். விட்டுக்கொடுத்துக் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துதான் இத்தனை நேரம் உங்களுக்குப் புத்தி சொன்னேன்.

எழுத உட்கார்ந்தபோது எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நிறைய எழுதி எழுதி அடித்தேன். என் பட்டங்களில் தொடங்கினேன், கல்லூரியில் தொடங்கினேன், ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் 'நானும் பெயிலானவள்தான்' என்று ஒரு வரி போட்டேன், மீதி தானாக வந்தது. ஓய்வு பெற்ற ஒருத்தி எழுதியதைத் தூக்கிப் போடாமல் நீங்கள் இதுவரை படித்து வந்ததற்கும் அந்த வரிதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அது ஸ்டெல்லாவின் வரி. இங்கேயும் அவளுக்குத்தான் இதயம் போடுவீர்கள்.